கனகலிங்கத்தின் கைராசி

கனகலிங்கம் பொறாமைக்காரர் என்று யாராவது சொன்னால் அவருடைய மனைவி சிவமலர் சண்டைக்கு வந்துவிடுவார். முப்பத்திரண்டு வருடம் ரயில்வே ஸ்டோரில் வேலை பார்த்து, தலைமைக் கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் இரண்டு பேனா, வாயில் அளந்தெடுத்த பேச்சு. ஸ்காட் ரோட்டுக் கந்தசாமி கோயிலில் வெள்ளிக்கிழமை தவறாமல் அதே தூணருகில் நின்று கும்பிடுகிறவர். இப்படிப்பட்ட மனிதருக்கு வயிறு எரியும் என்று யார் நினைப்பார்கள்? எரிந்தது. அதுவும் ஒரு மரத்தைப் பார்த்து எரிந்தது. அந்த மரம் ஒன்றரை அடி உயரம்கூட இல்லை.

பிரிக்பீல்ட்ஸில் அவர் வீட்டு முன்வாசலில் பதினோரு போன்சாய்ச் சட்டிகள் வரிசையாக இருந்தன. தோல் உறையில் சுருட்டி வைத்த ஜப்பான் கத்தரிகள், அலமாரி நிறைய ஆங்கிலப் புத்தகங்கள். அவருக்குப் பைன் மரம்தான் மரம். கோலாலம்பூர் வெயிலுக்கு அது ஒத்துவராது என்று எத்தனை பேர் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். ஒவ்வொரு ஆகஸ்டிலும் செடி வளர்ப்போர் சங்கம் கண்காட்சி வைக்கும். மூன்று வருடம் ஆறுதல் பரிசு வாங்கினார். ஆறுதல் பரிசு என்று எந்தப் புண்ணியவான் பெயர் வைத்தானோ, அவருக்கு அதில் ஒரு துளி ஆறுதலும் இல்லை. முதல் பரிசு அட்டையில் தன் பெயரைப் பார்த்துவிட வேண்டும். அந்த வயதில் அவருக்கு மிச்சமிருந்த ஒரே ஆசை அதுதான்.

அய்யாவு அதே ஸ்டோரில் அவருக்குக் கீழே பெட்டி தூக்கியவன். ஓய்வு பெற்றுக் கிள்ளானுக்குக் குடிபோன பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி வந்துவிடுவான். அப்போது பெட்டி தூக்கினான், இப்போது சட்டி தூக்கினான். கனகலிங்கம் கூப்பிட்டதும் இல்லை, வரவேண்டாம் என்று சொன்னதும் இல்லை.

எண்பத்து நாலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் காஜாங் போகும் வழியில் ஒரு சீனரின் நர்சரிக்குப் போனார்கள். பின்பக்கம் விற்காத செடிகளைக் கொட்டி வைத்திருந்த மூலையில், துருப்பிடித்த எண்ணெய் டின்னில் ஒரு ஃபைக்கஸ் நின்றது. ஆலமரத்துக்குப் பங்காளி முறையான இச்சி மரம். கனகலிங்கம்தான் முதலில் அதைத் தூக்கினார். இதை மறந்துவிடாதீர்கள், அவர் கடைசிவரை மறக்கவில்லை. டின்னின் அடி ஓட்டை வழியாக வேர் பிதுங்கி மண்ணைப் பிடித்திருந்தது. மேலே விரலால் கிளறிப் பார்த்தார். மண்ணே இல்லை. வேர் வேரைச் சுற்றி, அச்சில் பிழிந்த முறுக்கு மாதிரி டின் முழுக்க அடைத்துக்கொண்டிருந்தது. முகத்தைச் சுளித்துக் கீழே வைத்துவிட்டார்.

"உங்களுக்கு வேணாமா சார்? அப்ப நான் எடுத்துக்கிறேன்" என்றான் அய்யாவு.

"உதை என்னத்துக்குக் காணும்? வேர் சுத்திப்போச்சு. இனி உது உருப்படாது" என்றார் கனகலிங்கம் தன் யாழ்ப்பாணத் தமிழில்.

மூணு வெள்ளி, அதாவது மூணு ரிங்கிட், கொடுத்து அய்யாவு எடுத்துக்கொண்டான். சீனர் டின்னுக்குக் காசு கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு கனகலிங்கமே கிள்ளானுக்குப் போனார், வேடிக்கை பார்க்க. அய்யாவு பின்கட்டில் டின்னைக் கத்தரித்துப் பிரித்து, வேர்க்கட்டியில் கீழ்ப்பாதியை ரம்பத்தால் அறுத்துத் தள்ளினான். மிச்சத்தைப் பழைய முள்கரண்டியால் தலை வாருவதுபோல் வாரினான். சுற்றிச் சுற்றி ஓடிய வேர்களை ஒவ்வொன்றாக வெட்டினான். வார வார, அடிமரத்திலிருந்து ஐந்தாறு தடித்த வேர்கள் வெளியே வந்தன, கிழவன் கால்விரல் மாதிரி நாலு பக்கமும் விரித்துக்கொண்டு. பத்து வருடம் டின்னுக்குள் கிடந்து நெருக்குப்பட்டதால்தான் அந்த அடி அவ்வளவு பெருத்திருந்தது. கனகலிங்கத்துக்கு அது அந்த நிமிடமே விளங்கிவிட்டது. அய்யாவு மேலே இருந்த நெட்டைக் கிளைகளை மொட்டையாக வெட்டி, ஓட்டை போட்ட அலுமினியத் தட்டில் மரத்தை உட்கார வைத்துச் சணல் கயிற்றால் கட்டினான்.

அய்யாவுவின் மனைவி வீரம்மாவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. "ஆலமரச் சாதிய வீட்டுல வளக்கக்கூடாது. கோயில்ல கொண்டுபோய் வச்சிருங்க" என்றாள்.

"தட்டுல இருக்கிற வரைக்கும் அது செடிதான்லா" என்றான் அய்யாவு.

கனகலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வீரம்மா சொல்றதிலையும் ஒரு நியாயம் இருக்கு" என்றார். சாமி விஷயத்தில் அவர் வீரம்மா பக்கம் பேசியது அதுதான் முதல் தடவை. அதன்பின் போகும்போதெல்லாம் வீரம்மாவிடம் அந்தப் பேச்சை எடுத்துக் கொடுத்தார். பாவம், அவளோ ஒரு நாள் மரத்துக்குத் திருநீறு பூசிவிட்டுச் சமாதானமாகிவிட்டாள்.

மரம் வளர்ந்தது. வளர்ந்தது என்பதுகூடத் தப்பு, முதிர்ந்தது. ஐந்து வருடத்தில் விழுது இரண்டு இறங்கியது. கிளைகள் தாழ்ந்து படர்ந்தன. பிரிக்பீல்ட்ஸில் இதே ஐந்து வருடத்தில் நாலு பைன் மரம் காய்ந்து குப்பைக்குப் போயின. நான் தூக்கிய மரம், என் கையிலிருந்து அவன் கைக்குப் போன மரம் என்று கனகலிங்கம் சாப்பிடும்போது நினைத்தார், திருப்புகழ் பாடும்போதும் நினைத்தார். நல்லவேளை, அய்யாவு அதைக் கண்காட்சிக்குக் கொண்டுவரவில்லை. இலை பெரிசு பெரிசாக இருக்கிறது, மரத்துக்குப் பொருந்தவில்லை என்று அவனே குறைப்பட்டுக்கொண்டான். அந்த ஒரு குறைதான் கனகலிங்கத்தைத் தூங்க வைத்தது.

எண்பத்தொன்பது மே மாதக் கடைசியில் அய்யாவு வாடகைக் காரில் மரத்தோடு வந்து இறங்கினான்.

"நானும் வீரம்மாவும் ரெண்டு மாசம் இந்தியா போறோம் சார். பழனி, ராமேஸ்வரம் எல்லாம் பார்த்துட்டு வரோம். உங்கள விட்டா யாரை நம்பி இத விடுவேன்? வந்து இந்த வருசம் ஷோவுல வைக்கலாம்னு இருக்கேன்."

கனகலிங்கம் தலையாட்டினார். சிவமலர் தேநீர் கொடுத்தார். மரம் பன்னிரண்டாவது சட்டியாக வரிசையில் போய் உட்கார்ந்தது. மற்ற பதினொன்றும் அதன் பக்கத்தில் நோஞ்சானாகத் தெரிந்தன.

தண்ணீர் ஊற்றாமல் விட்டுவிடலாம் என்று முதல் வாரமே தோன்றியது. ஆனால் அரசாங்க உத்தியோகம் பார்த்த உடம்பு. ஒப்படைத்த வேலையை விட மனம் வரவில்லை. காலையிலும் மாலையிலும் பல்லைக் கடித்துக்கொண்டு ஊற்றினார்.

கெடுத்தது அந்தோனிப்பிள்ளை. சங்கத்தின் செயலாளர், கனகலிங்கத்துக்குப் பழைய சிநேகிதர். கண்காட்சிக்குப் பெயர் எழுத வந்தவர் அந்த மரத்தின் முன் அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன கனகர், இவ்வளவு காலமும் இதை எங்கை ஒளிச்சு வைச்சிருந்தனீர்?"

இது என்னுடையது இல்லை. மூன்றே சொல். கனகலிங்கம் வாயைத் திறந்தார், வரவில்லை. "கிடந்தது..." என்று மட்டும் இழுத்தார். அதற்குள் அந்தோனிப்பிள்ளை மரத்தைச் சுற்றி வந்து, "இந்த முறை முதல் பரிசு உமக்குத்தான்" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். அவர் வாய்வழியே செய்தி பரவி, வெள்ளிக்கிழமை கோயிலில் தூணருகே மூன்று பேர் வந்து கைகுலுக்கினார்கள். வாழ்க்கையில் அவருக்குக் கிடைத்த உயர்ந்த பாராட்டு அதுதான், அது அய்யாவுவின் மரத்துக்குக் கிடைத்த பாராட்டு. வீட்டுக்கு வரும்வரை காது இரண்டும் கொதித்தன. இனி அய்யாவு வருவான், மரம் யாருடையது என்று ஊருக்கே தெரியும், அந்த மூன்று பேரும் சிரிப்பார்கள்.

மறுநாள் பகல் இரண்டு மணி. சிவமலர் கோயில் மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தார். கனகலிங்கம் முக்காலியை இழுத்துப் போட்டு மரத்தின் முன் உட்கார்ந்து, ஒரு இலையைப் பிய்த்தார். வெள்ளையாகப் பால் கசிந்தது. இன்னொன்றைப் பிய்த்தார். அப்புறம் கை நிற்கவில்லை. ஒன்றரை மணி நேரத்தில் ஒரு இலை மிச்சமில்லாமல் உருவித் தள்ளினார். கீழே பச்சையாக ஒரு குவியல், மேலே மொட்டை எலும்பு. செத்துத் தொலை என்று வாய்விட்டே சொன்னார். விரலெல்லாம் பால் காய்ந்து கறுத்து ஒட்டிக்கொண்டது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

"பூச்சி பிடிச்சிட்டுது. எல்லாத்தையும் எடுக்க வேண்டியதாப் போச்சு" என்றார் மனைவியிடம். சிவமலர் அவர் விரல்களைப் பார்த்தார்.

பத்தாம் நாள் கணுவுக்குக் கணு ஊசி முனை மாதிரி மொட்டு வெடித்தது. மூன்றாம் வாரம் மரம் முழுக்க இலை. பழைய இலையில் பாதிகூட இல்லை, சுண்டுவிரல் நகம் அளவுக்குத்தான் இருந்தது. உயிருள்ள மரத்தில் இலையை எடுத்தால் அடுத்த இலை சிறிதாக வரும் என்பது அவருடைய புத்தகத்திலேயே இருந்தது, ஃபைக்கஸ் பகுதியில். மூணு வெள்ளி மரம்தானே என்று அவர் அந்தப் பகுதியைப் பிரித்ததே இல்லை. பிரித்துப் படித்துவிட்டு, புத்தகத்தை அலமாரியில் முதுகு உள்ளே போகும்படி திருப்பி வைத்தார்.

அய்யாவு வந்தான். கேட்டுக்கு வெளியிலேயே நின்று பார்த்தான். பழனிப் பஞ்சாமிர்தம் கையில் இருந்தது.

"இலைய உரிச்சீங்களா சார்?" உள்ளே வந்து மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "கேள்விப்பட்டிருக்கேன். அஞ்சு வருசமா எனக்குத் தைரியம் வரல. பட்டுப்போயிருமோன்னு பயம். உங்க கைராசி சார் இது."

கனகலிங்கம் பஞ்சாமிர்தத்தை வாங்கிக்கொண்டார். வேறு என்ன செய்ய?

கண்காட்சியில் அந்த மரத்துக்கு முதல் பரிசு. அய்யாவு விடவில்லை. அந்தோனிப்பிள்ளையைப் பிடித்து அட்டையில் இரண்டு பெயரையும் எழுத வைத்தான். கூட்டத்துக்கு நடுவில் கனகலிங்கத்தின் கையைப் பிடித்து உயர்த்தி, "இந்தக் கைதான்" என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். ஆசைப்பட்ட அட்டையில் கனகலிங்கம் தன் பெயரைப் பார்த்தார். நகக்கண்ணில் கறுப்பு இன்னும் கொஞ்சம் இருந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஜூன் மாதமும் அய்யாவு போன் போட்டுவிடுவான். "சார், நீங்க வந்துதான் உரிக்கணும்." வீரம்மா வேறு நல்ல நாள் பார்த்து வைப்பாள். கனகலிங்கம் கிள்ளானுக்குப் போய், முக்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு இலையாக உரித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு வருவார். முதலில் பஸ், பிறகு கொம்யூட்டர் என்கிற புறநகர் ரயில். வேறு யாரையும் அய்யாவு தொடவிட மாட்டான், தானும் தொட மாட்டான்.

தொண்ணூற்றாறில் ஒரு ஜூன். கனகலிங்கத்துக்கு எழுபது நெருங்கிக்கொண்டிருந்தது. பாதி இலை உரித்தபின் அவர் நிறுத்தினார்.

"அய்யாவு, ஒண்டு சொல்லவேணும். அண்டைக்கு நான் இதை நல்லதுக்கு உரிக்கேல்லை. எனக்கு எரிச்சல். மரம் சாகட்டும் எண்டுதான் உரிச்சனான்."

அய்யாவு சிரித்துவிட்டு உள்ளே திரும்பி, "கேட்டியா வீரம்மா? சார் தன் பெருமைய எப்படி மறைக்கிறாருன்னு" என்றான். "பெரிய மனுசங்க எல்லாம் இப்படித்தான். நீங்க உரிங்க சார், வெயில் ஏறுது."

கனகலிங்கம் குனிந்து அடுத்த இலையைப் பிய்த்தார். பால் கசிந்தது. பன்னிரண்டு வருடமாக அந்த மரத்தின் மேல் எரிந்த வயிறு இப்போது அய்யாவு மேலேயே எரிந்தது. ஒரு மனிதனைக் கண்ணை மூடிக்கொண்டு இப்படி நம்பத் தன்னால் ஒரு நாளும் முடிந்ததில்லை. இதுவும் இவனுக்குத்தானா கிடைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே மிச்ச இலைகளையும் உரித்து முடித்தார்.