கழுத்தில் இரண்டு கத்தரி

காலையில் நான் தண்ணீர் குடிப்பதில்லை. டீயும் கிடையாது. வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு, நெமிலிச்சேரியில் ரயில் ஏறி, பட்டரவாக்கத்தில் இறங்கி, இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்கு நடப்பேன். வேலை முடிந்து வீட்டுக்கு வந்துதான் சொம்பைத் தூக்கி அண்ணாந்து குடிப்பேன். நடுவில் கொஞ்ச காலம் இந்தப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. மறுபடி வந்துவிட்டது. அதைத்தான் எழுதுகிறேன்.

நான் திருநங்கை. ரயிலில் கை தட்டிப் பிழைக்கிறவர்களோடு கொஞ்ச நாள் இருந்தேன். அதைக் கேவலம் என்று சொல்லமாட்டேன். எனக்கு வரவில்லை, அவ்வளவுதான். சட்டை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனியில் ஆள் எடுத்தார்கள். சேர்ந்தேன். பிசிறு வெட்டுகிற வேலை. தைத்து வருகிற சட்டையில் அங்கங்கே நூல் தொங்கும். அதை வெட்டிவிட்டு மடிக்கிறவளிடம் தள்ள வேண்டும். எங்களுக்கும் தைக்கிறவர்களுக்கும் விரல் நீளத்துக்கு ஒரு கத்தரி கொடுப்பார்கள். அதை ரிப்பனில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்வோம்.

பெண்கள் பாத்ரூம் எங்கள் ஹாலுக்குப் பின்பக்கம். அந்தக் கதவுகளில் தாழ்ப்பாள் தங்குவதில்லை. போட்டால் கழன்றுவிடும். அதனால் யாரும் தனியாகப் போவதில்லை. துணைக்கு ஒருத்தி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்பாள். எப்போதோ ஒருத்தியின் கத்தரி உள்ளே விழுந்து குழாய் அடைத்துப் பெரிய ரகளையாகிவிட்டதாம். அதிலிருந்து, உள்ளே போகிறவள் தன் கத்தரியைக் கழற்றித் துணைக்கு வந்தவள் கழுத்தில் மாட்டிவிட்டுத்தான் போவாள். இரண்டு கத்தரியோடு ஒருத்தி நின்றால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். யாரும் கேட்க மாட்டார்கள். கதவைத் தள்ள மாட்டார்கள்.

எனக்கு யார் கழுத்தைக் கொடுப்பார்கள்?

சேரும்போது, எந்தப் பக்கம் வசதியோ அந்தப் பக்கம் போய்க்கொள் என்று ஆபீசில் சொல்லியிருந்தார்கள். ஆண்கள் பக்கம் ஒரே ஒரு தடவை போனேன். அதைப் பற்றி எழுத வேண்டாம். அப்புறம் எங்கேயும் போகவில்லை. அடக்கிக்கொண்டேன். நீர்க்கடுப்பு வந்தது. காய்ச்சல் வந்தது. ஆவடியில் ஒரு டாக்டரம்மா நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். குடித்துவிட்டு எங்கே போவது என்று நான் அவரைக் கேட்கவில்லை.

என் மேஜையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது கரையான்சாவடி அக்கா ஒருத்தி. கழுத்தில் கத்தரியோடு சின்னச் சிலுவையும் தொங்கும். வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். சேர்ந்த நாளிலிருந்து அக்கா என்னோடு பேசியதே இல்லை. ஒரு நாள் வேலைக்கு நடுவில் திரும்பிப் பார்த்தது.

"இன்னா, காலையிலேர்ந்து நெளிஞ்சுகினே கீற? எந்திரி."

எழுந்து பின்னாலேயே போனேன். பாத்ரூம் வாசலில் நின்று அக்கா கழுத்தை நீட்டியது. எனக்குப் புரியவில்லை.

"கத்தரிய மாட்டுடி. உள்ள வுழுந்துச்சுன்னா நீதான் கைய வுட்டு எடுக்கணும்."

மாட்டினேன். அன்றிலிருந்து தண்ணீர் குடித்தேன். அக்காவுக்கு நானும் துணைக்குப் போனேன். இரண்டு கத்தரி கழுத்தில் கிடந்தால் அசையும்போது ஒன்றோடு ஒன்று இடித்து மெல்லச் சத்தம் வரும். அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. மற்றவர்கள் யாரும் என்னிடம் கத்தரி கொடுத்ததில்லை. தடுத்ததும் இல்லை.

கேன்டீனில் டி.வி. ஓடும். ஒரு மத்தியானம் அதில் விவாதம். ஆண் பெண் என்று பிரிக்காமல் பொதுவாகக் கழிப்பறை வைக்கலாமா, திருநங்கைகள் எதற்குள் போவது என்று நாலு பேர் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். லோடு ஏற்றுகிறவர்கள் பக்கத்து மேஜை. அதில் ஒருவன் என் காதில் விழுகிற மாதிரி சொன்னான்.

"பொதுவா வச்சுட்டா நாமளும் ஒரு பொடவைய சுத்திகினு போய்ட்டு வரலாம், மாமே."

அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே, "நீ மொதல்ல கட்டிகினு கீற லுங்கிய ஒழுங்கா கட்டு. எல்லாம் தெரியுது" என்றது. எல்லோரும் சிரித்தார்கள். அவன் குனிந்து பார்த்துக்கொண்டான்.

அத்தோடு முடியவில்லை. பெண்களுக்குள்ளேயும் பேச்சு வந்தது. பாவம், அது எங்கேதான் போகும் என்றாள் ஒருத்தி. சட்டமே ஒத்துக்கொண்டதாமே என்றாள் இன்னொருத்தி. நாளைக்கு எவனாவது வந்து நானும் அதுதான் என்று நின்றால் என்ன செய்வது என்று மடிக்கிறவள் கேட்டாள். நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

அப்புறம் தையல் லைனுக்குத் திருவேற்காட்டிலிருந்து ஒரு பெண் புதிதாக வந்தாள். கல்யாணம் ஆகாதவள். ஒரு நாள் நான் உள்ளே இருந்தபோது பக்கத்து அறையில் அவள் இருந்திருக்கிறாள். எனக்கு அன்று சளி. இருமினேன். எனக்கு எல்லாம் மாறியது, தொண்டை மாறவில்லை. இருமினால் எங்கப்பா இருமுகிற மாதிரியே இருக்கும். அவள் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். நான் வெளியே வந்து பார்த்தபோது மிஷினில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். ஊசியில் நூல் நுழையவில்லை. அவள் குடியிருந்த வரிசை வீட்டில் பொதுக் குளியலறைக்குக் கூரை இல்லை. மாடியிலிருந்து வீட்டு ஓனரின் தம்பி எட்டிப் பார்த்திருக்கிறான், பல நாள். இது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

விஷயம் ஆபீசுக்குப் போயிற்று. மிஷின்களை நிறுத்திவிட்டு எல்லோரையும் ஹாலில் உட்கார வைத்து ஆபீஸ் மேடம் பேசினார். நன்றாகத்தான் பேசினார். எல்லோரும் மனிதர்கள், மரியாதை வேண்டும் என்றார். பிறகு அந்தப் பெண்ணைக் கேட்டார்.

"அவங்க மேல எனக்குக் கோவம் ஒண்ணும் இல்ல மேடம். அந்தக் குரல் கேட்டா ஒடம்பு தானா ஆடுது. நான் இன்னா செய்யட்டும்?"

எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. அந்த நடுக்கம் எனக்கும் தெரியும். மேடம் என் பக்கம் திரும்பினார். எல்லாக் கதவுக்கும் ஒரு தாழ்ப்பாள் போட்டால் போதும் மேடம், என்றேன். நான் வேடிக்கையாகச் சொன்னதாக நினைத்துச் சிலர் சிரித்தார்கள். உனக்கென்றே தனியாகக் கட்டித் தருகிறோம் என்றார் மேடம். அக்கா எழுந்து நின்றது.

"தனியா எதுக்கு மேடம்? அவளுக்கு நான் கீறேனே."

அவளுடைய மரியாதைக்காகத்தானே செய்கிறோம் என்றார் மேடம். எல்லோரும் கை தட்டினார்கள்.

கட்டினார்கள். கேட்டுக்குப் பக்கத்தில், லோடு ஏற்றுகிற இடத்தை ஒட்டி. உள்ளே டைல்ஸ், எந்நேரமும் குழாயில் தண்ணீர், இரும்பில் நல்ல தாழ்ப்பாள். வெளியே போர்டு, 'திருநங்கையர்' என்று. திறக்கிற அன்று பெண்கள் கதவுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் கட்டி, சூடம் காட்டினார்கள். என் தலையில் கனகாம்பரம் வைத்துவிட்டார்கள். யாருக்கும் கள்ளம் இல்லை. நல்லது நடந்துவிட்டது என்றுதான் நினைத்தார்கள். வாசலுக்குக் குறுக்கே ரிப்பன் கட்டியிருந்தது. உன் கத்தரியாலேயே வெட்டு என்றார்கள். வெட்டினேன். போட்டோ எடுத்தார்கள். திருவேற்காட்டுப் பெண் லட்டு கொண்டுவந்து, எடுத்துக்கோங்கக்கா என்றாள்.

ஆரம்பத்தில் அக்கா துணைக்கு வந்தது. அதில்தான் தாழ்ப்பாள் இருக்கிறதே, ஒருத்தி போக எதற்கு இரண்டு பேர் வேலையை விட்டுப் போகிறீர்கள் என்று சூப்பர்வைசர் கேட்டார். நியாயம்தான். அக்கா துணைக்கு வருவதை நிறுத்திவிட்டது. சுவரில் ஓர் ஆணி இருந்தது. கத்தரியை அதில் மாட்டினேன்.

அங்கே போக வேண்டுமென்றால் துணி வெட்டுகிற இடத்தைத் தாண்டி, லோடு ஆட்களைத் தாண்டிப் போக வேண்டும். நான் போகும்போது பேச்சு நிற்கும். திரும்பி வருகிறவரை நிற்கும். வெளிநாட்டிலிருந்து கம்பெனியைப் பார்க்க ஆட்கள் வந்தால் மேடம் அதைக் காட்டுவார். என்னையும் கூப்பிடுவார். போர்டுக்குப் பக்கத்தில் நிற்பேன். பிறகு, லோடு ஆட்கள் அதை உபயோகிக்கிறார்கள் என்று பூட்டுப் போட்டுச் சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்தார்கள். அவர் நல்ல மனுஷன், கேட்டால் கொடுப்பார். ஒவ்வொரு தடவையும் கேட்க வேண்டும். அத்தனை பேர் பார்க்கக் கேட்க வேண்டும்.

தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன்.

கார்த்திகை மாதம் ஒரு நாள் விடாத மழை. பூந்தமல்லி ரோட்டில் தண்ணீர் நின்றதால் அக்கா வரவில்லை. ஹாலில் பாதி நாற்காலி காலி. லோடு ஷெட் ஒழுகியதால் ஆட்கள் எங்கள் பின்பக்கத் தாழ்வாரத்துக்கு வந்து, பெண்கள் பாத்ரூம் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். திருவேற்காட்டுப் பெண் எழுந்து போனாள். திரும்பி வந்தாள். மறுபடி எழுந்து போய், மறுபடி வந்தாள். கடைசியில் என் மேஜைக்கு வந்தாள்.

"அக்கா, துணைக்கு வரீங்களா? அங்க ஆம்பளைங்க நின்னுகினு கீறாங்க."

போனேன். வாசலில் கொஞ்சம் தயங்கினாள். பிறகு ரிப்பனோடு கத்தரியைக் கழற்றினாள். நான் உயரம். குனிந்தேன். மாட்டிவிட்டு உள்ளே போனாள். கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு அவர்களைப் பார்த்து நின்றேன். ஒருவன் சிரிக்க ஆரம்பித்தான். என் கழுத்தைப் பார்த்தான். மழையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான்.

"அக்கா, கீறீங்களா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

வாயைத் திறக்கப்போனேன். திறக்கவில்லை. கழுத்திலிருந்த இரண்டு கத்தரியையும் பிடித்து ஒன்றோடு ஒன்று தட்டினேன். அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். மறுபடி கேட்கவில்லை.

வெளியே வந்தாள். கை கழுவினாள். கத்தரியை வாங்கி மாட்டிக்கொண்டு, வாங்கக்கா போலாம் என்றாள். நீங்கள் போகவில்லையா என்று கேட்கவில்லை. அவளுக்குத் தோன்றியிருக்காது. எனக்குத்தான் தனியாக ஒன்று இருக்கிறதே.

திரும்பி வந்து உட்கார்ந்து நூல் வெட்டினேன். அடிவயிறு வலித்தது. தண்டவாளத்தில் தண்ணீர், சாயங்காலம் ரயிலெல்லாம் தாமதம் என்று யாரோ சொன்னார்கள்.