ஒரு சொல், இரண்டு அறைகள்

டேனிஷ் மொழியின் நீண்ட சொற்களைத் துண்டாக்கித் தருவது செஞ்சியில் இரண்டே பேர் பார்த்த வேலை. அவர்களில் ஒருத்தி நான். அந்த வேலையின் கதி தீர்மானிக்கப்பட்ட நாளில் அறையில் இருந்தவர்கள்: எங்களை வேலைக்கு வைத்த இங்கர் அம்மையார், டென்மார்க்கிலிருந்து விசாரிக்க வந்த ஹென்ரிக், என் சக பணியாளர் தேவசகாயம், அம்மையார் வீட்டில் சமையல் பார்த்த மங்கா, நான். ஊருக்குப் புரியாத வேலையைப் பார்த்து, வீட்டிலும் அதைச் சொல்ல ஆளில்லாமல் இருந்தவர்களுக்கு இதற்குமேல் முன்னுரை தேவைப்படாது.

கடைத்தெருவில்

அறுபதுகளின் நடுப்பகுதி. டென்மார்க்கில் ஒரு பெரிய இயந்திரத்துக்குத் தங்கள் மொழியைப் படிக்கக் கற்றுக்கொடுக்க முயன்றுகொண்டிருந்தார்கள். அம்மொழியில் இரண்டு மூன்று சொற்களை இடைவெளியின்றி ஒட்டி எழுதுவார்கள். மருத்துவமனை என்பது 'நோயாளர்', 'வீடு' என்ற இரண்டும் ஒட்டியது. ஒட்டிய இடம் இயந்திரத்துக்குத் தெரியாது. அங்கே பென்சிலால் கோடு போட்டுக் கொடுப்பது எங்கள் பணி. மிஷன் பள்ளியில் படித்தபோது அம்மொழியை நான் கற்றிருந்தேன். கணவர் இறந்தபின், மகன் விழுப்புரத்தில் விடுதியில் தங்கிப் படித்தது இந்தச் சம்பளத்தில்தான்.

இவ்வளவையும் மளிகைக்கடைச் செட்டியாரிடம் ஒருநாள் விளக்கினேன். புளியைப் பொட்டலம் கட்டிக்கொண்டே முழுவதும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "ஏம்மா, ஒட்னவனுக்கும் சம்பளம், பிரிக்கிறவங்களுக்கும் சம்பளமா? நல்லா பொழைக்கிறாங்கம்மா வெள்ளக்காரனுங்க."

பேருந்தில்

இங்கர் அம்மையாரின் விதி கடுமையானது. ஒரே சொற்களை இருவரும் அவர் வீட்டில் தனித்தனி அறையில் பிரிக்க வேண்டும். ஒருவர் போட்ட கோட்டை மற்றவர் பார்க்கக் கூடாது. வேலையைப் பற்றிப் பேசவும் கூடாது. கோடுகள் ஒத்துப்போகாத இடத்தில் யாரோ பிழை செய்திருக்கிறார் என்று பொருள். நியாயமான விதி. ஆனால் எனக்கும் தேவசகாயத்துக்கும் அந்தச் சொற்களை விட்டால் பேச வேறொன்றும் இருக்கவில்லை. சுவருக்கு அப்பால் அவர் இருமுவது கேட்கும். பென்சில் சீவுவது கேட்கும். அவர் வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அமாவாசை நாட்களில் மேல்மலையனூர்க் கோயிலுக்குப் போகும் கூட்டத்தின் நெரிசலில் பேருந்தில் அருகருகே நிற்க நேரும். அவர் சன்னலைப் பார்ப்பார். நான் கூரையைப் பார்ப்பேன். நடத்துநருக்குப் பொறுக்கவில்லை. "ஒரே வூட்ல வேல, ஒரே பஸ்ஸு. இன்னா சண்டன்னு சொல்லுங்க, அடுத்த ஸ்டாப்புக்குள்ள தீத்து வுட்றேன்" என்றார்.

சமையலறைச் சாட்சி

எங்கள் கோடுகள் அளவுக்கு மீறி ஒத்துப்போயின. ஒருவரைப் பார்த்து மற்றவர் போடுகிறார் என்று டென்மார்க்கில் சந்தேகப்பட்டார்கள். அதற்காகத்தான் ஹென்ரிக் வந்தார். குற்றம் உறுதியானால் இருவரும் வெளியே போக வேண்டும். வேலை போவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பிறர் எழுதியதைத் திருடியவள் என்ற பெயரோடு மகன் முன் நிற்பது என்னால் ஆகாது.

ஹென்ரிக் முதலில் மங்காவை விசாரித்தார். அவர் கேள்வியை இங்கர் அம்மையார் தமிழில் சொன்னார். மங்கா யோசிக்கவே இல்லை: "ரெண்டு பேரும் மூஞ்சியே பாத்துக்க மாட்டாங்க சாமி. பாக்காமயே காப்பி அடிக்க முடியும்னா எனக்கும் சொல்லிக் குடுங்க."

ஒரே மேசை

பிறகு எங்கள் இருவரையும் ஒரே மேசையில் எதிரெதிரே அமர்த்தினார்கள். நடுவே மறைப்புக்காக மங்கா முறத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஹென்ரிக் தாம் கொண்டுவந்த புதிய சொற்களைக் கொடுத்தார். எல்லாக் கோடுகளும் ஒத்துப்போயின, பிழை உட்பட. வண்ணத்துப்பூச்சிக்கு அம்மொழியில் 'கோடைப் பறவை' என்று பெயர். பறவையல்லாத ஒன்றைக் குறிப்பதால் அதைப் பிரிக்காமல் விட வேண்டும். இருவரும் பிரித்திருந்தோம்.

ஏன் என்று கேட்டார்கள். தேவசகாயம் பதில் சொன்னார்: மிஷன் பள்ளியில் தமக்குக் கற்பித்த ஆசிரியை சொல் அட்டைகளைக் கத்தரிக்கோலால் வெட்டித்தான் பாடம் நடத்துவாராம், இந்த அட்டையையும் வெட்டிக் காட்டினாராம். அதே ஆசிரியை, சில ஆண்டுகள் கழித்து, அதே அட்டையை என் முன்னும் வெட்டியிருந்தார். நாங்கள் ஒரே வகுப்பறையிலிருந்து வந்தவர்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஹென்ரிக் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். என் பெயர் மீண்டது. பிறகு அவர் இங்கர் அம்மையாரிடம் தாழ்ந்த குரலில் சொன்னது எனக்கும் கேட்டது. இருவரும் ஒரே மாதிரிதான் பிரிப்பார்கள் என்றால் ஒருவரைக்கொண்டு மற்றவரின் பிழையைக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே ஒருவரே போதும். அம்மையார் எங்கள் பக்கம் திரும்பினார். "இனி நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளலாம். யார் இருப்பது என்று நீங்களே பேசி முடிவு செய்யுங்கள்."

மங்கா முறத்தை எடுத்தாள். முதல் வாக்கியத்தை எங்கே தொடங்குவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். தேவசகாயம் பென்சிலை மேசைமேல் வைத்தார். நாற்காலியை உள்ளே தள்ளினார். எனக்குக் கை குவித்துவிட்டு வெளியே நடந்தார்.

சரிபார்க்க இன்னொருவர் இல்லாததால், அதன்பின் அந்த வேலையில் நான் ஒரு பிழையும் செய்யவில்லை.