ராத்திரி முழுக்க ஊறிய ஆறு குழாய்கள்

லைன்காரருக்குப் பீர் பிடிக்காது. இருபத்திரண்டு வருடமாகப் பதினான்கு பார்களின் லைன்களை, அதாவது பீர் வருகிற குழாய்களைக் கழுவி வயிறு வளர்க்கிற மனிதர், இதுவரை ஒரு முழு கிளாஸ் குடித்ததில்லை. கேட்டால், அந்தக் குழாய்க்குள் என்னவெல்லாம் வளர்கிறது என்று பார்த்தவன் எவனும் குடிக்க மாட்டான் என்பார்.

குளிர் அறையில் இருக்கும் பீப்பாயிலிருந்து கவுன்டர் வரைக்கும் ஓடுகிற குழாயில் ஒரு வாரத்தில் கொழகொழவென்று அழுக்கு படிந்துவிடும். அதை அறுக்க மருந்து விட வேண்டும். சரியாக அரை மணி நேரம். பிறகு தண்ணீர் விட்டு அலசி, வருகிற தண்ணீரில் ஒரு மஞ்சள் தாளை நனைத்துப் பார்க்க வேண்டும். தாள் நீலமானால் மருந்து இன்னும் இருக்கிறது, குடித்தால் தொண்டை வெந்துவிடும் என்று அர்த்தம். இவ்வளவுதான் வித்தை. இந்த இவ்வளவையாவது எவனாவது காதில் போட்டுக்கொள்கிறானா? ஒரு பாரில் பாத்திரம் துலக்கும் சோப்பை விட்டுக் கழுவிவிட்டு, பீரில் நுரையே நிற்கவில்லை என்று இவர்மேல் பாய்ந்தார்கள்; சோப்பு பட்டால் பீர் நுரை அடங்கிவிடும் என்பதுகூடத் தெரியவில்லை. தலையில் அடித்துக்கொண்டு வந்தார்.

ஆனால் அவர் உயிரை வாங்குவதற்கென்றே பிறந்தவன் மச்சினன்தான். மனைவிக்கு ஒரே தம்பி. பீரைத் திறந்து பிடிக்கிற டேப் ஆறு உள்ள பார் ஒன்று வைத்திருக்கிறான். வயது நாற்பத்தைந்து, முன்னந்தலையில் முடி இல்லை, அக்காவுக்கு மட்டும் இன்னும் குழந்தை. கல்யாணமான இருபத்தாறு வருடத்தில் அந்தக் குழந்தையைப் பற்றி லைன்காரர் ஒரு குறை சொல்லி, அவள் ஒருமுறையாவது ஆமாம் என்றதாகச் சரித்திரம் இல்லை.

அன்று அவளுடைய ஆபீசில் மேனேஜர் ஓய்வு பெறுகிறார். பகல் பன்னிரண்டு மணிக்கு நாற்பது பேருக்கு விருந்து. தம்பி பாரில் வைத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு செய்தவளே அவள்தான். காலையிலேயே வந்து மேஜைகளுக்கு விரிப்பு போட்டுக்கொண்டிருந்தாள். பத்து மணிக்கு லைன்காரர் பக்கெட்டோடு நுழைந்தபோது, மச்சினன் பல்லெல்லாம் தெரிய நின்றான்.

"மாமா, இன்னைக்கு உங்களுக்கு வேலையே இல்ல. நேத்து ராத்திரியே மருந்தை விட்டு ஊறப் போட்டுட்டேன். அரை மணி நேரத்துக்கே அவ்வளவு சுத்தம்னா, ராத்திரி பூரா ஊறினா எப்படி இருக்கும்?"

லைன்காரர் அங்கே கிடந்த காலிப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். அழுக்குத் துணி என்று நினைத்தானா, ஊறப் போடுவதற்கு? அவ்வளவு நேரம் விட்டால் குழாயே மருந்தைக் குடித்துவிடும். பிறகு எத்தனை அலசினாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கக்கிக்கொண்டே இருக்கும். சரி, எப்படி அலசினாய் என்று கேட்டார். ஒவ்வொரு டேப்பிலும் இரண்டு கிளாஸ் பீர் பிடித்துக் கொட்டினானாம். பீரே கழுவிவிடுமாம். தண்ணீர் விட்டால் பீர் நீர்த்துப் போகுமாம்.

வாயில் வந்ததையெல்லாம் விழுங்கிக்கொண்டு லைன்காரர் அலச ஆரம்பித்தார். பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர். இடுப்பு விட்டுப் போனது. பதினொன்றே கால் மணிக்கு ஆறு டேப்பிலும் தாள் மஞ்சளாகவே நின்றது. பத்து நிமிடம் கழித்து மறுபடி நனைத்தார். ஆறிலும் நீலம். குழாய் அத்தனையும் மாற்றியாக வேண்டும், அதற்கு ஒரு நாள் ஆகும். இன்றைக்கு டேப்பைத் தொடாதே, பாட்டில் பீர் மட்டும் கொடு என்றார். மச்சினன் கேட்கிற ஜாதியா? டேப் பீர் என்று சொல்லித்தானே ஆட்களை வரவழைத்திருக்கிறோம், அக்கா மானம் என்ன ஆவது, ஒரு நாற்றம்கூட இல்லை, ஒரு துண்டுக் காகிதத்தைக் காட்டிப் பயமுறுத்துகிறீர்களே என்று அவரையே திருப்பிக் கேட்டான். பீப்பாய்களை மறுபடி குழாயில் மாட்டினான். தடுக்கப் போன கையை விலக்கிவிட்டு, பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கிளாஸ்களை வரிசையாக நிரப்பத் தொடங்கினான். வெளியே பேச்சுக் குரல் கேட்டது. ஆட்கள் வந்துவிட்டார்கள்.

லைன்காரர் பக்கெட்டைக் கீழே போட்டார். நாற்பது பேர் தொண்டை. வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் தானே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். அப்புறம் வீட்டில் சோறு கிடைக்கிறதோ இல்லையோ, பார்த்துக்கொள்ளலாம். அவர் திரும்பியபோது எதிரே மனைவி நின்றாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். வழக்கமான பேச்சை எதிர்பார்த்து அவர் பல்லைக் கடித்தார்.

அவள் கேட்டது ஒன்றுதான். "தாள் இன்னும் நீலமாத்தான் வருதா?"

"வருது."

அவள் வரிசையில் முதல் கிளாஸை எடுத்துத் தம்பியிடம் நீட்டினாள். "நீ குடி."

அவன் சிரித்தான். வியாபார நேரத்தில் தான் குடிப்பதில்லை என்றான்.

"ஒரு வாய்தான் கேக்கறேன். என் ஆபீஸ்காரங்க முழு கிளாஸ் குடிக்கப் போறாங்க."

அவன் வாங்கினான். உதடு வரைக்கும் கொண்டுபோனான். நுரை மீசையில் ஒட்டியது. அங்கேயே நின்றுவிட்டது கை. அக்காவைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான், பிறகு கிளாஸை மெதுவாகக் கவுன்டரில் வைத்தான்.

அவள் முகம் அப்படியே செத்துவிட்டது. நிரப்பியிருந்த கிளாஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தொட்டியில் கவிழ்த்தாள்.

"நீ தெரியாமத்தான் செய்யறேன்னு இத்தனை வருஷம் உனக்காக இவர்கிட்ட சண்டை போட்டிருக்கேன்" என்றாள். "உனக்குத் தெரிஞ்சிருக்குடா."

ஜெயித்த சந்தோஷம் வரும் என்று லைன்காரர் ஒரு நொடி காத்திருந்தார். வரவில்லை. பாட்டில்களை எடுத்து வர உள்ளே போனார்.