பாதிக் களத்தில் நெல்

இறுதி ஆட்டம். ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். எட்டு வினாடி மிச்சம். எதிரணியின் பாஸ் ஒன்று வழிதவறி என் கையில் வந்து விழுந்தது. வீட்டில் நான் பறித்ததாகச் சொல்லியிருக்கிறேன். எனக்கும் கூடைக்கும் நடுவில் ஈ காக்கை இல்லை. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினேன். நடுக்கோடு வந்ததும் பிரேக் பிடித்த டவுன் பஸ் மாதிரி நின்றுவிட்டேன். பந்து மட்டும் அதே இடத்தில் துள்ளிக்கொண்டிருந்தது. இதற்குக் காரணம் நானில்லை, எங்கள் கோச்சுகள்.

பல்கலைக்கழக ஆண்கள் கூடைப்பந்து அணிக்கு அப்போது இரண்டு கோச். வில்லியனூர்க்காரர் பெரிய கோச். பேச்சு குறைவு, விசில் அதிகம். பாகூர்க்காரர் சின்ன கோச். அவருக்கு விசில் தேவையில்லை, தொண்டையே போதும். எங்கள் ஆடுகளம் சீரமைப்பில் இருந்த வருடம் அது. சின்ன கோச் தன் ஊரில் ஒரு சிமெண்ட் களத்தைக் கேட்டு வாங்கினார். இரண்டு பக்கமும் கம்பம் நட்டு வளையம் மாட்டினோம். அறுவடையை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. தை பிறந்ததும் நடுக்கோடு வரை பாதிக் களத்தில் நெல் வந்து பரவியது.

நெல் காயவைத்த அக்கா முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார். "இந்தாப்பா, இந்தக் கோட்ட தாண்டி எவன் காலு வந்தாலும் அந்தக் கால திருப்பிக் குடுக்க மாட்டேன்."

"பசங்க வெளையாடணும்கா," என்று சின்ன கோச் கெஞ்சினார்.

"இன்னாபா, என் நெல்லு மேலயா வெளையாடுவாங்க?"

பெரிய கோச் நெல்லைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "பாதி போதும்," என்றார்.

அந்த மாதம் முழுக்கப் பாதிக் களத்தில் பத்துப் பேர் முட்டிக்கொண்டோம். ஓட இடமில்லாததால் பந்தை நொடிக்கொரு தரம் கைமாற்றக் கற்றோம். கோட்டைத் தாண்டியவன் களத்தைச் சுற்றிப் பத்து ரவுண்ட் ஓட வேண்டும். நான் ஓடியதையெல்லாம் சேர்த்தால் அரியாங்குப்பம் போய்த் திரும்பியிருக்கலாம். கடைசியில் என் கால் தானாகவே கோட்டில் நிற்கப் பழகியது. வேறு எந்த விஷயத்திலும் அது எனக்கு இத்தனை கீழ்ப்படிந்ததில்லை.

இந்த முறையும் கோப்பை வராவிட்டால் கோச் இருவருக்கும் வேலை இல்லை என்பது எங்களுக்கு வேறு யாரோ சொல்லித்தான் தெரியும். ஒரு மாலை பெரிய கோச் தானே ஸ்டூல் போட்டு ஏறி, பிய்ந்த வலையைக் கட்டினார். "அடுத்த வருஷம் எவரு வந்தாலும் இது ஒழுங்கா இருக்கணும்," என்றார். அன்று நான்கூட ஜோக் அடிக்கவில்லை.

அந்த நடுக்கோட்டுக்கு வருகிறேன். என்னைத் துரத்தி வந்த ஆறடி ஆள், நான் நிற்பேன் என்று கனவிலும் நினைக்கவில்லை. என்னைத் தாண்டிப் போய், சறுக்கி, உட்கார்ந்தே விட்டான். வெளியிலிருந்து சின்ன கோச்சின் தொண்டை வந்தது: "டேய், அங்க நெல்லு இல்லடா, போடா!"

போனேன். பந்து பலகையில் பட்டு, வளையத்தின் மேல் ஒரு சுற்று யோசித்துவிட்டு, உள்ளே விழுந்தது. மணி அடித்தது. பெரிய கோச் விசிலை வாயிலிருந்து எடுக்காமலே அழுததால் அது விட்டு விட்டு ஊதிக்கொண்டிருந்தது.

எதிரணிக் கோச் வந்து கைகுலுக்கினார். "அந்தப் பையன் நடுவுல நின்னானே சார், அது என்ன டிரில்?"

நான் வாயைத் திறப்பதற்குள் பெரிய கோச் முந்திக்கொண்டார். "தை மாசம் மட்டும் குடுப்போம் சார்."

இருவரும் இன்றும் அதே அணிக்குத்தான் கோச். போன வாரம் வேலை முடிந்து திரும்பும்போது ஸ்கூட்டரை நிறுத்திப் பார்த்தேன். ஆடுகளம் இப்போது புதுசு, முழுசு. பையன்கள் வரிசையாக ஓடி வந்து நடுக்கோட்டில் சட்டென்று நின்று, மறுபடி பாய்ந்தார்கள். என்னைவிட அழகாகவே நின்றார்கள்.

"டேய், இந்த அண்ணன் கண்டுபுடிச்சதுடா இது," என்று சின்ன கோச் என்னைக் காட்டினார்.

நான் மறுக்கவில்லை.