கடலுக்குப் போய்ச் சேராத தோணி

2005-ஆம் வருடம் பெய்த பெருமழை பலருக்கு நினைவிருக்கும். அந்த மழை ஓய்ந்த மார்கழியில், வருடம் முழுக்க மணலாகக் கிடக்கும் எங்கள் சங்கராபரணி ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது. அப்போது நான் புதுச்சேரியில் சுற்றுச்சூழல் பாடத்தில் ஆராய்ச்சி மாணவி. ஆற்று நீரின் தரம்தான் என் ஆய்வு. அதுவரை பஸ் பிடித்துப் போய், பாலங்களுக்கு அடியில் மட்டும் இறங்கித் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தேன்.

தோணியில் போகும் யோசனை என் தோழியுடையது. அவளும் என்னோடு ஆராய்ச்சி செய்தவள். பிள்ளைச்சாவடியில் கடலோரக் குடும்பம். "பாலத்துக்கும் பாலத்துக்கும் நடுவுல என்னா நடக்குதுன்னு யாருடி பாத்தா? மாமா கிட்ட சின்ன ஃபைபர் தோணி ஒண்ணு சும்மாதான் கெடக்குது. வீடூர் அணைக்குக் கீழ எறங்கி, அரியாங்குப்பத்துல கடலத் தொட்டுடலாம்" என்றாள்.

முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டில் பெரிய ரகளை. ரெண்டு பொட்டப்புள்ளைங்க ஆத்துல போறதாவது என்று அம்மா கத்தினாள். வேலை பார்த்த மில் மூடியதிலிருந்து எதற்கும் வாய் திறக்காத அப்பா, "போய்ட்டு வரட்டும், வுடு" என்றார். அது போதுமானதாக இருந்தது.

மேல்பகுதியில் ஆறு இவ்வளவு அழகாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. பாலங்களில் நின்று பார்த்தபோது தெரியாத ஆறு அது. நாணல் புதர், பனைமரங்கள், தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பாயும் மீன்கொத்தி. மணல்மேடு தட்டினால் இறங்கித் தோணியை இழுப்போம். ஆற்றுக்குக் குறுக்கே தாழ்வாகக் கட்டிய படுகை அணை வந்தால் தலைமேல் தூக்கிக்கொண்டு கரை வழியாகச் சுற்றிப் போவோம். இருட்டுவதற்குள் ஏதாவது ஊரில் கரையேறி, யார் வீட்டிலாவது கேட்டுத் தங்கிக்கொள்வோம். வழியெல்லாம் பாட்டிலில் தண்ணீர் பிடித்து ஐஸ் பெட்டியில் வைத்தேன். தண்ணீரில் எவ்வளவு ஆக்சிஜன் கரைந்திருக்கிறது என்று காட்டும் சின்னக் கருவி ஒன்றும் கையில் இருந்தது. அது நல்ல அளவைக் காட்டும்போதெல்லாம் தோழி துடுப்பைத் தூக்கிக் கூச்சல் போடுவாள்.

பிறகு ஒரு திருப்பத்தில் எல்லாம் மாறியது. கரையில் ஒரு வாய்க்கால் வந்து கலந்தது. எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. அதற்கப்புறம் தண்ணீர் கறுத்து, மேலே நுரை மிதந்தது. முட்டை அழுகிய நாற்றம். கருவியை நீரில் விட்டேன். எண் இறங்கிக்கொண்டே போய், ஏறக்குறைய ஒன்றுமில்லை என்ற இடத்தில் நின்றது. கருவி கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அப்போது தோணியின் பக்கவாட்டில் எதுவோ மெத்தென்று இடித்தது. மீன்கள். வயிறு மேலாக, ஓரத்து நாணல் வரைக்கும் செத்து மிதந்தன. தோழி துடுப்புப் போடுவதை நிறுத்திவிட்டாள். மீனைப் பார்த்தே வளர்ந்தவள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த நாற்றத்திலிருந்து சீக்கிரம் வெளியேற வேண்டும் என்ற அவசரத்தில், முன்னால் இருந்த உடைந்த படுகை அணையை நாங்கள் கவனிக்கவில்லை. உடைப்பின் வழியே நீர் சுழித்து இறங்கிக்கொண்டிருந்தது. தோணி குறுக்கே திரும்பிக் கவிழ்ந்தது. எனக்கு நீச்சல் தெரியாது. அந்தக் கறுப்புத் தண்ணீருக்குள் கண்ணைத் திறந்தது நினைவிருக்கிறது. எதுவுமே தெரியவில்லை. அப்புறம் என் பின்னலை யாரோ வெடுக்கென்று இழுத்தார்கள். தோழிதான். என்னை மேலே தள்ளித் தள்ளி, தான் முழுகி முழுகி, கரைப் பக்கம் கொண்டுவந்தாள். அவள் எவ்வளவு தண்ணீர் குடித்தாளோ தெரியாது.

கரையில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த ஓர் அக்கா ஓடிவந்து, இடுப்பளவு நீரில் இறங்கி எங்கள் இருவரையும் இழுத்துப் போட்டார். "ஐயய்யோ, இந்தத் தண்ணியிலயா வுழுந்தீங்க! மாடுகூட வாய வெக்காதும்மா!" என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் இருந்த தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். வாசலில் கைப்பம்பு. அடித்து அடித்துக் குடம் குடமாக எங்கள் தலையில் ஊற்றினார். கண்ணையும் காதையும் அவரே கழுவிவிட்டார். குளிரில் நடுங்கிய எங்களுக்குத் தன் புடவைகளை எடுத்துக் கொடுத்தார். தோழி வாந்தி எடுத்து எடுத்து ஓய்ந்தபோது, ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்துக் குடிக்க வைத்தார். எனக்கும் கொடுத்தார். அந்த நேரத்தில் அது அமிர்தமாக இருந்தது.

கரை ஒதுங்கிக் கிடந்த ஐஸ் பெட்டியை யாரோ எடுத்துவந்து கொடுத்தார்கள். கிளம்பும்போது, பழக்க தோஷம், அந்தப் பம்பிலும் ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டேன்.

பயணம் அங்கேயே முடிந்தது. கொஞ்ச நாளில் தோழிக்குக் கடுங்காய்ச்சல். கண் மஞ்சளாகியது. புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் நினைவு தப்பிக் கிடந்தாள். நான் போய் நின்றபோது அவளுடைய அம்மா என்னைத் திட்டவில்லை. "கடல்லயே பொறந்து வளந்த புள்ள, இந்த ஆத்துத் தண்ணி சாச்சுப்புடுச்சே" என்று மட்டும் சொல்லி அழுதார். உயிர் பிழைத்தாள். ஆனால் எலும்பும் தோலுமாகத்தான் வீடு திரும்பினாள். படிப்பை விட்டுவிட்டாள். ஆற்றிலேயே விட்டுவந்த தோணியை யாரும் கேட்கவில்லை.

அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே, மற்ற பாட்டில்களோடு அந்தப் பம்புத் தண்ணீரையும் சோதித்தேன். சாக்கடையில் இருக்கவேண்டிய கிருமிகள் அதில் இருந்தன. ஆற்று நீர் பாட்டில்களில் இருந்த நச்சு உலோகம் ஒன்றும் மண்ணுக்குள் இறங்கி அதில் சேர்ந்திருந்தது. தோழியைச் சாய்த்தது ஆறா, அந்தச் சொம்புத் தண்ணீரா என்று டாக்டர்களாலும் சொல்ல முடியவில்லை.

அந்த அக்காவைத் தேடிப் போனேன். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "கூட வந்த பொண்ணு நல்லாருக்குதாம்மா?" என்றுதான் முதலில் கேட்டார். நல்லா இருக்கா என்றேன். பிறகு மெதுவாக விஷயத்தைச் சொன்னேன்.

"காச்சிக் குடிச்சா?"

"கிருமி போவும்க்கா. இன்னொண்ணு காச்சினாலும் போவாது."

அவர் பம்பின் பக்கம் திரும்பினார். "எம் பொண்ணு மாசமா இருக்குது. இங்கதான் வந்துருக்கு. இதத்தான் குடிக்குது" என்றார். பிறகு என்னிடம் கோபமே இல்லாமல் கேட்டார்: "சரிம்மா, வேற தண்ணிக்கு எங்க போவட்டும்?"

அரசு ஆபீஸ்களில் எழுதிக் கொடுத்தேன், அலைந்தேன், அறைக்கு அறை அனுப்பப்பட்டேன். பல மாதம் கழித்து யாரோ வந்து அந்தப் பம்பில் சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டுப் போனார்களாம், குடிக்கக்கூடாது என்பதற்கு அடையாளமாக. வேறு தண்ணீர் வரவில்லை. அடுத்த முறை நான் போனபோது, பம்பு முழுக்கச் சிவப்பாக இருந்தது. கைப்பிடியில் மட்டும் சிவப்பு தேய்ந்து இரும்பு பளபளத்தது. பேரன் பிறந்திருக்கிறான் என்று அக்கா சொன்னார். குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. அவராகவும் மேலே சொல்லவில்லை. உள்ளே போய், வழக்கம்போல, எனக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்தார். வாங்கி, கையில் வைத்துக்கொண்டே பேசிவிட்டு வந்துவிட்டேன்.

ஆய்வை முடித்தேன், பட்டமும் வாங்கினேன். ஆனால் இன்றும் ஏதாவது ஒரு வீட்டில் கேட்காமலே எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டும்போதெல்லாம், எங்களைச் சாவிலிருந்து இழுத்துப் போட்ட அந்த அக்காவுக்கு நான் கைம்மாறாகக் கொடுத்தது பயம் ஒன்றைத்தான் என்பது நினைவுக்கு வருகிறது.