திரும்பி நின்றவர்

காரைக்குடியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த அவரின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. நெடுநெடுவென்ற உயரம், நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் பென் டிரைவ்கள்.

அப்டேட் ஓடும்போது கரண்ட் போனதில் எங்கள் கம்ப்யூட்டர் கறுப்புத் திரையோடு நின்றுவிட்டது. இறந்துபோன என் கணவரை, அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது நான் எடுத்த படங்கள் அதில்தான் இருந்தன. மெலிந்துபோன தன்னை வேறு யாருக்கும் காட்டக் கூடாதென்று என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார். எங்கள் ஊர் திருப்பத்தூர்க் கடையில், எல்லாவற்றையும் அழித்தால்தான் சரியாகும் என்றார்கள். கம்ப்யூட்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் காரைக்குடி வந்தேன்.

“பயப்படாதீகக்கா, அழிக்காமலே பாப்போம்” என்றார் கடைக்காரர். பென் டிரைவைச் செருகி ஒவ்வொரு வழியாகப் பொறுமையாக முயன்றார். சாயங்காலம் கம்ப்யூட்டர் திறந்துகொண்டது. உடனே திரையை என் பக்கம் திருப்பிவிட்டு, தெருவைப் பார்த்து நின்றுகொண்டார்.

“நீங்க பாக்கலையா?”

“தொறந்து விட்டாச்சு. உள்ள இருக்கிறது உங்க வீட்டு விஷயம். எல்லாம் இருக்கான்னு நீங்களே பாத்துக்கங்க.”

படத்தில் என் கணவர் சிரித்துக்கொண்டிருந்தார். நான் அழுது முடிக்கும்வரை கடைக்காரர் திரும்பவே இல்லை.

அந்தப் படங்களைப் பற்றி அவரிடம் நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை. ஆனால் நான் கொடுத்திருந்த வாக்கை அன்று காப்பாற்றியது அவர்தான்.