கீச்சுவின் தொண்டையில் அப்பா

கீச்சு என்ற பெயர் சொந்தக்காரர்கள் காதில் முதலில் விழுந்தது ஆஸ்பத்திரி வராந்தாவில். குழந்தை பிறந்துவிட்டது என்று சொல்ல வெளியே வந்த அத்தை, கையோடு பெயரையும் கொண்டுவந்தாள்.

"அழுகையா அது? எண்ணெய் போடாத கதவு மாதிரி கீச்சுங்குது. எங்க அண்ணனுக்கு இப்படி ஒரு தொண்டையா பொறக்கணும்?"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. அவர் மீன் சந்தையில் ஏலம் விடுகிறவர். வாய் திறந்தால் சந்தையின் மறுகோடியில் தராசு பிடிக்கிறவனும் நிமிர்ந்து பார்ப்பான். அவருடைய அப்பா மில்லில் மேஸ்திரியாக இருந்தார்; அத்தனை மெஷின் இரைச்சலுக்கும் மேலே அவர் குரல்தான் கேட்கும். அவருக்கும் அப்பா ஒருவர் இருந்தாரே, அவரும் லேசுப்பட்டவர் இல்லை. வெளியே சோறு போட்ட குரல் அது. வீட்டுக்குள் அதற்கு வேறு வேலை இருந்தது. அந்தக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள் எல்லோருமே கலகலவென்று பேசிக்கொண்டு வந்தவர்கள்தான். போகப்போகத் தலையாட்டலிலும் ஜாடையிலும் காலத்தை ஓட்டினார்கள்.

கீச்சுவின் அப்பா கத்துவதைத் தெரு முழுக்கக் கேட்டிருக்கிறது. அதற்கு முன்னால் அவர் செய்வது தெருவுக்குத் தெரியாது. எதையோ மனசில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். பிறகு ரொம்ப மெதுவாக, பிரியமானவர் போல, "இங்க வா" என்பார். அவ்வளவுதான். கீச்சுவின் அம்மா அடுப்பை அணைப்பாள், கத்தியை எடுத்து அரிசிப் பானைக்குள் போடுவாள், வரிசையாக ஜன்னல்களைச் சாத்துவாள். அக்கம்பக்கத்தில் கேட்கக் கூடாதே. அதற்குப் பிறகுதான் இடி இறங்கும். கீச்சு கட்டிலுக்கு அடியில் காதைப் பொத்திக்கொண்டு கிடப்பாள். கத்தல் கேட்டால்கூட அவளுக்கு மூச்சு வரும். அந்த "இங்க வா"தான் ஈரக்குலையைப் பிடித்து இழுக்கும்.

அவள் பள்ளிக்கூடம் முடிக்கிற வருஷம், அப்பா ஏலத்தின் நடுவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. அம்மாவும் மகளும் வேறு தெருவில் ஒரு மாடி அறைக்குக் குடிபோனார்கள். அம்மா தையல் கடைக்குப் பட்டன் தைத்துக் கொடுத்தாள். கீச்சுவுக்கு அந்தக் கீச்சுக்குரலே ஒரு வேலை வாங்கிக் கொடுத்தது. டப்பிங் ஸ்டுடியோவில் குழந்தை அழுகை, பூனை, அணில், கூட்டத்தில் "ஐயோ" என்று ஓடுகிற பெண் என்று கிடைத்ததையெல்லாம் பேசினாள். பிறகு அந்த ஜப்பானிய கார்ட்டூன், அனிமே தொடர் வந்தது.

கதாநாயகி ஒரு சின்னப் பெண், முகத்தில் பாதி கண். ஊர்களைக் கொளுத்தித் தின்ற ஒரு வம்சத்தின் கடைசி வாரிசு. கோபம் வந்தால் அவள் உள்ளங்கையில் நெருப்பு வரும். அது வராமல் இருக்கக் கை இரண்டையும் ஈரத்துணியால் சுற்றிக்கொண்டே திரிவாள். கீச்சுவுக்கு அவளைப் பார்த்ததுமே பிடித்துப்போனது. முதல் பாகம் முழுக்கப் பயந்து பயந்து பேசுகிற பேச்சு. தண்ணீர் பட்ட பாடாகப் பேசினாள். இரண்டாம் பாகத்தில் வில்லங்கம் வந்தது. கதாநாயகி தன்னை ஏமாற்றிய தோழியைப் பார்த்து முதல்முறையாகக் கத்த வேண்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டைரக்டரும் ஒலிப்பதிவாளரும். இந்தப் பக்கம் மைக்கும் திரையும் கீச்சுவும். கத்தினாள். மறுபடியும் கத்தினாள்.

"என்னம்மா, எலிப்பொறியில மாட்டுன மாதிரி கத்துற? அவ ஊரையே எரிக்கப் போறா," என்றார் டைரக்டர்.

"எலிக்கும் கோபம் வரும் சார்," என்றார் ஒலிப்பதிவாளர்.

"நீ பட்டனை அமுக்குய்யா."

கீச்சு கண்ணை மூடிக்கொண்டாள். திரையில் அந்தப் பெண் வாயைத் திறப்பதற்கு முன்னால் ஒரு வெறும் இடம் இருந்தது. அந்த இடத்தில் கீச்சு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். பிறகு ரொம்ப மெதுவாக, "இங்க வா" என்றாள். வசனத்தில் அது இல்லை. அதற்குப் பின்னால் வந்த கத்தலில் ஹெட்போன் அதிர்ந்தது. கண்ணைத் திறந்தபோது ஒலிப்பதிவாளர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்திருந்தார். டைரக்டர் வாய் பிளந்து நின்றார்.

"இதான். இதை இனிமே விட்டுறாத. கதை முழுக்க இதான் வேணும்."

கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு நின்றாள் கீச்சு. அந்த மனுஷர் நாற்காலியோடு நகர்ந்ததைப் பார்த்தபோது அடிவயிற்றில் ஒரு சுகம் ஓடியதே, அதை நினைத்துத்தான் பயம். அப்பாவுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ? ருசி கண்டுதான் விடாமல் இருந்தாரோ?

யாரிடம் சொல்வாள்? அந்த வாரம் அத்தை வந்தாள். தொடரின் விளம்பரத்தைப் போனில் பார்த்துவிட்டு வந்தவள், வாசல்படியிலேயே கண்ணைத் துடைத்தாள்.

"எங்க அண்ணனே வந்து நின்ன மாதிரி இருந்துச்சுடி. ரத்தம் எங்க போகும்? இத்தனை வருஷம் உள்ளயே ஒளிச்சு வெச்சிருந்திருக்க, கள்ளி."

"அது சும்மா நடிப்பு அத்தை."

"நடிப்பாம். மேஸ்திரி தாத்தா, உங்கப்பன், இப்ப நீ. உன்னைக் கட்டிக்கப் போறவன் காதுல பஞ்சை வெச்சுக்கிட்டுத்தான் வரணும்."

அத்தை தன் பேச்சுக்குத் தானே சிரித்துக் குலுங்கினாள். அம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

வீட்டில் பயிற்சிக்கு அவள் வைத்திருந்த இடம் துணி அலமாரி. அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு இல்லாமல், உள்ளே கம்பளியைத் தொங்கவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, போன் வெளிச்சத்தில் வசனத்தைப் படித்துப் பேசுவாள். கம்பளி கத்தலைக் குடித்துவிடும் என்றுதான் நினைத்திருந்தாள்; அது கீச்சலை மட்டும் வடிகட்டிவிடும், வெளியே அடிக்குரல் கேட்கும் என்று அவளுக்குத் தெரியாது. அன்றைக்கு மத்தியானம் அம்மா கடைக்குப் போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள். அம்மா அதற்குள் திரும்பி வந்து, உலையை அடுப்பில் வைத்திருந்தாள்.

அந்த "இங்க வா"விலிருந்து கத்தல் வரை பேசி முடித்துக் கதவைத் தள்ளினால் வீடு இருட்டாக இருந்தது. பட்டப்பகலில் எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது. அடுப்பு அணைந்து, உலை பாதியில் நின்றது. திருடன் எவனோ வந்துவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு சமையல் மேடைப் பக்கம் போனாள். மேடைக்கு அடியில், தண்ணீர்க் குடத்துக்குப் பின்னால், அம்மா குந்தியிருந்தாள். முகம் தூக்கி மகளைப் பார்த்தாள். பார்த்தும் அவளைப் பார்க்கவில்லை.

"இதோ ஆயிடுச்சுங்க. சாப்பாடு போட்டுடறேங்க," என்றாள்.

பெற்ற தாய் தன்னை "ங்க" போட்டுப் பேசுகிறாள். செத்துப்போனவர் தன் பின்னால் நிற்கிறார் என்று தோன்றிக் கீச்சு திரும்பிக்கூடப் பார்த்தாள். அலமாரிக் கதவு மட்டும் திறந்து கிடந்தது. பின்னால் யாரும் இல்லை என்பதுதான் அதைவிடப் பெரிய பயமாக இருந்தது.

"அம்மா, நான்மா. கீச்சு."

அம்மாவுக்கு நிதானம் வர நேரமானது. வந்ததும் வெட்கப்பட்டாள். "கிறுக்குப் பிடிச்சுப்போச்சுடி எனக்கு. மனசுக்குத் தெரியுது, அவர் இல்லைன்னு. கைகால் கேக்க மாட்டேங்குது."

"நான் வேலையை விட்டுடறேன்."

"விட்டுட்டு? பூனையாட்டம் மியாவ்னு வீட்டுல சுத்திட்டு இருப்பியா?" அம்மா எழுந்து ஒரு ஜன்னலைத் திறந்தாள். "கத்துறதுக்கு நான் பயப்படலடி. கூப்பிட்டியே, அதுக்குத்தான். அந்தக் கூப்பிடறது எங்கிருந்து எடுத்த?"

கீச்சு மிச்ச ஜன்னல்களைத் திறந்தாள். அன்று இரண்டு பேரும் அரைவேக்காட்டுச் சாப்பாட்டையே சாப்பிட்டார்கள்.

அடுத்த ஒலிப்பதிவுக்கு அம்மா தானும் வருவேன் என்றாள். வேண்டாம் என்று கெஞ்சியும் கேட்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒலிப்பதிவாளர் பக்கத்தில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அன்றைக்கு எடுக்க வேண்டியது கதையிலேயே பெரிய கட்டம். கதாநாயகி கைத்துணியை அவிழ்த்துவிட்டு, தன் வம்சத்து அரண்மனையில் நின்று சொந்தத் தம்பியைக் கூப்பிட்டு மிரட்ட வேண்டும்.

"போன தடவை மாதிரியே," என்றார் டைரக்டர். "மொதல்ல அந்த மெதுவா ஒண்ணு. அப்புறம் வெடிக்கணும்."

திரை ஓடியது. அந்த வெறும் இடம் வந்தது. தொண்டையில் அது தயாராக ஏறி நிற்பதைக் கீச்சு உணர்ந்தாள். கண்ணாடியின் வழியே அம்மாவின் கை தெரிந்தது. கைப்பையின் பிடியை அது நெரித்துக்கொண்டிருந்தது. கண்ணை மூடினால் வந்துவிடும். மூடவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்டே, முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல், எடுத்த எடுப்பில் கத்தினாள். கீச்சென்று கிளம்பி, நடுவில் உடைந்து, அழுகையும் கோபமும் கலந்து வந்தது. அவளுக்கே அந்தக் குரலை முன்பின் தெரியாது.

டைரக்டர் தலையைச் சொறிந்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த மெதுவா ஒண்ணு எங்க?"

"அது வராது சார்."

"போன வாரம் வந்துச்சே."

"வரும் சார். வரவைக்க மாட்டேன்."

"அப்ப வேற பொண்ணைத்தான் பாக்கணும். வேடம் போயிடும், தெரியும்ல?"

"தெரியும் சார்."

டைரக்டர் வசனத் தாளை மடித்து வைத்தார். அம்மா ஒலிப்பதிவாளரிடம், "தண்ணி இருந்தா அவளுக்குக் கொஞ்சம் குடுங்க தம்பி, தொண்டை காஞ்சிருக்கும்," என்றாள். யாரையும் ஜாடையில் கேட்கவில்லை. வாயைத் திறந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

டைரக்டர் சொன்னதைச் செய்கிறவர். மிச்சக் கதைக்கு வேறு பெண் வந்தாள். கீச்சு பழையபடி அணிலுக்கும் பூனைக்கும் போனாள். அத்தை கேள்விப்பட்டு, "கைக்கு வந்ததைக் கோட்டை விட்டுட்டாளே," என்று சொந்தம் முழுக்கச் சொல்லி அலுத்தாள். அப்பா மாதிரி ஆகிவிடுவோமோ என்ற பயம் கீச்சுவை விட்டு ஒரேயடியாகப் போய்விடவில்லை. யார் மேலாவது எரிச்சல் வந்து பேசாமல் இருக்க நேர்ந்தால், உடனே எதையாவது உளறிவிடுவாள். அதனாலேயே அவளுக்கு வாயாடி என்று ஸ்டுடியோவில் பெயர்.

இப்போது கீச்சு அதே ஸ்டுடியோவில் புதிதாக வருகிற பிள்ளைகளுக்குக் குரல் பழக்குகிறாள். அம்மாவோடு அதே மாடி அறையில்தான் இருக்கிறாள்.